ஐம்பது வெள்ளி நோட்டும் அரூப ஓவியமும்

நம் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் ஜூரோங் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து பூன் லேயில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். "வாத்தியாரே, அங்கே பெரிய கட்டடங்களில் வாசல் கூடம் முழுக்க ஒரு படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் மனிதன் இல்லை, மரம் இல்லை, சாமியும் இல்லை. சாயத்தை அள்ளி அப்பினது போல இருக்கிறது. அது என்ன படம்? அதற்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்களாமே?"

கேட்பவர்கள் சற்று வெட்கத்தோடுதான் கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. படித்தவர்கள் பலர் கேட்கத் துணியாத கேள்வி அது. ஆகவே இன்று அந்த வகைப் படங்களைப் பற்றி, அதாவது அரூப ஓவியம் என்று சொல்லப்படுவதைப் பற்றி, நாம் சற்று நேரம் பேசுவோம். ரூபம் என்றால் உருவம். அரூபம் என்றால் உருவம் இல்லாதது. இந்த ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள், தங்களுக்கு முன்னிருந்தவர்களிடம் எதை எடுத்துக்கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்று பார்ப்போம்.

பூன் லே என்னும் பெயரே நமக்கு அந்நியமானதன்று. அது ஒரு தோட்டக்காரரின் பெயர். சியூ பூன் லே என்பவர் 1852 முதல் 1933 வரை வாழ்ந்த சீன வணிகர். ஜூரோங்கில் அவருக்குப் பரந்த நிலம் இருந்தது. முதலில் கம்பீர் பயிரிட்டார், பிறகு ரப்பர். கம்பீர் என்பது வெற்றிலையோடு மெல்லுவதற்கும், தோல் பதனிடுவதற்கும் பயன்பட்ட ஒருவகைக் காசுக்கட்டி. 1961ஆம் ஆண்டு தொடங்கி ஜூரோங் தொழிற்பேட்டையாயிற்று. பால் மரம் நின்ற மண்ணில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இப்போது ஒரு வேலை செய்வோம். சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளையிடம் ஒரு ஐம்பது வெள்ளி நோட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். முன்பக்கத்தில் அந்நாட்டின் முதல் அதிபர் யூசோப் இஷாக் அவர்களின் முகம் இருக்கும். அதைப் பின்பக்கம் திருப்புங்கள். 1999ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இந்த வரிசையில் ஐம்பது வெள்ளித் தாளைக் கலைகளுக்கென்று ஒதுக்கினார்கள். அதில் நம்முடைய வீணையும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். இரண்டு ஓவியங்களும் இருக்கின்றன. ஒன்று, உப்புக் கருவாடு காயப்போடும் காட்சி. அதிலுள்ள பெண்களின் கை கால்கள் இயற்கைக்கு மீறி நீண்டு, மெலிந்து, நிழற்கூத்துப் பாவைகளைப் போல இருக்கும். அதை 1978இல் எழுதியவர் சியோங் சூ பியெங். மற்றொன்று, கொடிகளுக்கிடையே இரண்டு கிப்பன் குரங்குகள். எழுதியவர் சென் வென் ஷி.

இரண்டும் எவரும் பார்த்த உடனே இன்னதென்று சொல்லக்கூடிய படங்கள். ஆனால் சிங்கப்பூரில் அரூப ஓவியம் வேர்பிடிக்கக் காரணமானவர்களில் இந்த இருவருமே முக்கியமானவர்கள். கருவாடு எழுதிய கையேதான் உருவமே இல்லாத படங்களையும் எழுதியது. கருவாடும் எழுதத் தெரிந்த மனிதர் அதை ஏன் விட்டுப் போனார்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் கட்டட வாசலில் தொங்கும் படமும் பாதி விளங்கிவிடும்.

அரூபம் என்பது ஏதோ புதுமையான பைத்தியம் என்று எண்ண வேண்டாம். நம் தோட்டத்து அலுவலகச் சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். தோட்டத்தைப் பிரிவு பிரிவாகக் கோடு கிழித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சாயம் கொடுத்திருக்கும். அதில் ஒரு மரம் கூட வரையப்பட்டிருக்காது. ஒரு தொழிலாளியும் இருக்க மாட்டார். ஆனாலும் நம்மில் ஒருவர் அதைப் பார்த்து, "இதோ நம்ம லயம், இதோ ஆறு, இது புது நடவு" என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார். வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து எவரும் இது என்ன உருவம் என்று கேட்பதில்லை. ஜாதகக் கட்டத்தில் சூரியனும் சந்திரனும் எழுத்துகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். உருவத்தை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமானதே. வரைபடம் ஒரு செய்தியைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஓவியர் அதே வழியில் இன்னும் கொஞ்சம் போய், நிறமும் கோடுமே நம் மனத்தில் வேலை செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார். அதுதான் வேறுபாடு.

ஐரோப்பாவில் இது படிப்படியாக நடந்தது. 1874ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மொனே முதலிய சிலர் தனியாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். பொருளைவிடப் பொருளின் மேல் விழும் வெளிச்சத்தையே அவர்கள் எழுதினார்கள். மனப்பதிவு ஓவியம் என்று அதைத் தமிழில் சொல்கிறோம். மொனே வைக்கோற்போர்களை மட்டுமே பல படங்களாக எழுதினார். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், பனியில் வேறொரு நிறம். அவற்றுள் ஒன்று 1890களில் ரஷ்யாவில் மாஸ்கோ நகரக் கண்காட்சிக்கு வந்தது. சட்டம் படித்திருந்த கண்டின்ஸ்கி என்னும் இளைஞர் அதன் முன் நின்றார். அது வைக்கோற்போர் என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்த பிறகே தெரிந்தது. தெரியாதது அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பொருள் இன்னதென்று அறியாமலே அந்த நிறங்கள் தம்மைப் பிடித்துக்கொண்டனவே என்று அவர் வியந்தார். பிற்பாடு சட்டத்தை விட்டு ஓவியம் கற்கப் போனார். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவத்தைத் துறந்த ஓவியர்களில் அவர் முன்னணியில் நின்றார்.

ஆலந்து நாட்டு மோந்திரியான் போன வழி நமக்கு இன்னும் எளிதாக விளங்கும். அவர் மரத்தை எழுதினார். முதலில் கிளையும் இலையுமான மரம். அடுத்த படத்தில் இலைகள் இல்லை; கிளைகளின் வளைவு மட்டும். அதற்கடுத்ததில் வளைவுகள் படம் முழுதும் பரவின. கடைசியில் நிமிர்ந்த கோடும் கிடந்த கோடுமே மிஞ்சின. ரப்பர் நிரைகளின் நடுவே நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கி, தொலைவில் பார்த்தால் மரங்கள் மறைந்து கோடுகள் மட்டும் தெரிவதை நாம் அறிவோம். இடையில் பிக்காசோவும் பிராக்கும் ஒரு பொருளை உடைத்து, அதன் பல பக்கங்களையும் ஒரே தட்டையில் அடுக்கிக் காட்டியிருந்தார்கள். அந்தக் கனவடிவப் பாணியை மோந்திரியான் கண்டு, தம் மரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் லிம் ஹாக் தாய் என்பவர் 1938ஆம் ஆண்டு நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். நன்யாங் என்றால் சீன மொழியில் தென்கடல் என்று பொருள். அதாவது நாம் வாழும் இந்த வட்டாரம். சீனத் தூரிகையும் வேண்டும், ஐரோப்பிய எண்ணெய்ச் சாயமும் வேண்டும், ஆனால் எழுதப்படுவது இந்த மண்ணாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சியோங் சூ பியெங்கும் சென் வென் ஷியும் அக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். அவர்கள் இருவரும், லியூ காங், சென் சோங் சுவீ ஆகிய இருவருமாக நால்வர் 1952ஆம் ஆண்டு பாலித் தீவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் சிங்கப்பூரில் வைத்த பாலிப் படக் கண்காட்சி இன்றும் பேசப்படுகிறது.

அந்த நால்வரும் சீனத்திலிருந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சீன மரபில் எழுத்தும் ஓவியமும் ஒரே தூரிகையின் வேலை. ஒரு கோட்டை எப்படித் தொடங்கி, எங்கே அழுத்தி, எங்கே தூக்கினார் என்பதையே ரசிப்பார்கள். நம் தமிழிலும் பழங்காலத்தில் ஓவியம் வரைந்தான் என்பதைவிட ஓவியம் எழுதினான் என்பதே பெருவழக்கு. ஆகவே மேல்நாட்டுக்காரர் 1910இல் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஒன்றில், அதாவது கோடு தன்னளவிலேயே அழகாக இருக்கலாம் என்பதில், இவர்களுக்குத் திகைப்பு இருந்திருக்காது. அரூபம் முழுக்க முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்பாருடன் நாம் ஒத்துப்போக முடியாததற்கு இது ஒரு காரணம்.

சென் வென் ஷி வீட்டிலேயே கிப்பன் குரங்குகளை வளர்த்தார். அவை எப்படித் தாவுகின்றன, எப்படித் தொங்குகின்றன என்று நாள்தோறும் பார்த்துப் பார்த்து எழுதினார். அதற்கு வழிகாட்டி, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் மூ சி எழுதிய குரங்குப் படம். அதே மனிதர் கொக்குகளை எழுதும்போது கொக்கின் உடலை முக்கோணங்களாகவும் ஆப்புகளாகவும் சிதைத்து, இது கொக்குதானா என்று நாம் ஐயுறும் எல்லைக்குக் கொண்டுபோனார். ஒரு கை எழுநூறு ஆண்டுக்கு முந்திய சீனத்தைப் பற்றியிருந்தது. மறு கை பிக்காசோவைப் பற்றியிருந்தது.

சியோங் சூ பியெங் 1961இல் கழகப் பணியை விட்டு ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மலையும் நீரும் கரைந்துபோய், கறுப்பும் பழுப்புமாகப் பட்டைகள் மட்டும் நிற்கும் படங்களை அக்காலத்தில் எழுதினார். திரும்பி வந்த பின் உலோகத் தகடுகளை வைத்தும் புடைப்புப் படங்கள் செய்தார். அதன் பிறகு என்ன செய்தார் தெரியுமா? மறுபடி மனிதர்களிடம் திரும்பிவிட்டார். நோட்டில் இருக்கும் கருவாட்டுப் படம் அரூபத்துக்குப் பிந்தியது! அரூபம் என்பது கலையின் உச்சிப்படி, உருவம் என்பது கீழ்ப்படி என்று சிலர் பேசுவதுண்டு. இவர் வாழ்க்கை அதைப் பொய்யாக்குகிறது. ஆனாலும் போய்வந்தது வீண் போகவில்லை. கருவாட்டுப் படத்தில் கிளைகளும் கழிகளும் கைகளும் ஓடும் ஒழுங்கைப் பாருங்கள். பெண்களை மறைத்துவிட்டாலும் அந்தக் கோடுகள் தனியே நிற்கும்.

இனிச் சொல்லப்போவது ஒரு சண்டையைப் பற்றியது. நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய சண்டை.

1956ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பூமத்தியரேகைக் கலைச் சங்கம் என்று ஒன்று அமைந்தது. அதில் இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றார்கள். கலை மக்களுக்காக, மக்களுக்குப் புரியாத கலை எதற்கு என்று கேட்டார்கள். ஏழைகள், கூலியாட்கள், தெருவோர வியாபாரிகள் ஆகியோரை அன்போடு எழுதினார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் சுவா மியா தீ. சீன இளைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் மொழி கற்பதை 1959இல் எழுதினார். அது இன்று சிங்கப்பூரின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. சாப்பாட்டுக் கூடத்தில் தொழிலாளர்கள் உண்பதை 1974இல் எழுதினார்.

இவர்களுக்கு எதிரணியில் நின்றவர் ஹோ ஹோ இங் என்னும் இளைஞர். அவரும் தோழர்களும் 1963இல் நவீனக் கலைக் கண்காட்சி ஒன்றை நடத்தி, அடுத்த ஆண்டு நவீனக் கலைச் சங்கத்தை நிறுவினார்கள். யதார்த்தத்தின் பொற்காலம் முடிந்துவிட்டது, மனப்பதிவுக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள், கனவடிவமும் தளர்ந்துவிட்டது, முன்னோர் குறையாக விட்டதை இனி நாம் தொடர வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சுருக்கம். கவனியுங்கள். முன்னோரைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் விட்ட வேலையைத் தொடர வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அக்காலச் சீனப் பத்திரிகைகளில் இரு தரப்பாரும் காரசாரமாக மோதிக்கொண்டார்கள்.

யார் பக்கம் நியாயம்? பூமத்தியரேகைச் சங்கத்தாரின் கேள்வி நெஞ்சில் தைக்கும் கேள்வி. உழைப்பவனின் முகம் எந்தப் படத்திலும் இல்லாத காலத்தில் அதைச் சுவரில் ஏற்றியவர்கள் அவர்கள். அவர்கள் கடனை நாம் மறக்கலாகாது. ஆனால் உருவம் அச்சாக இருந்துவிட்டால் உண்மையும் வந்துவிடும் என்று அவர்கள் எண்ணியதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. தேயிலைப் பெட்டியின் மேலும் நாள்காட்டிகளிலும் நம் பெண்களின் படம் எத்தனையோ முறை வந்திருக்கிறது. கூடை, முக்காடு, விரல் எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அட்டைக் கடியும், மழையும், எடை குறைந்த நாளின் கவலையும் அதில் எங்கே? கண்ணுக்கு நம்மைப் போலவே இருந்தும் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாத படங்கள் அவை.

எங்கள் பள்ளியில் ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடியற்காலைத் தோட்டத்தை வரையச் சொன்னோம். பெரும்பாலோர் சூரியனும் மலையும் வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தாள் முழுக்கக் கறுப்பைத் தேய்த்துவிட்டு, ஆறேழு மஞ்சள் பொட்டுகளை விட்டுவைத்திருந்தாள். என்னம்மா இது என்று கேட்டோம். "அம்மா வெட்டுக்குப் போறாங்க, டீச்சர்" என்றாள். அவை நெற்றி விளக்குகள்! மரமும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இருட்டு மட்டும் அப்படியே இருந்தது. அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் வந்து பார்த்தபோது எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, மேலே போவோம். நவீனக் கலைச் சங்கத்தார் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்தவர்களில் மூவரைச் சொன்னால் போதும்.

கோ பெங் குவான் 1937இல் சுமத்ராவின் மேடானில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். சென் வென் ஷியிடமும் சியோங் சூ பியெங்கிடமும் பயின்றவர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குப் போனார். அங்கே அப்போது ஜாக்சன் பொல்லாக் போன்றோர் கிளப்பிவிட்ட புயல் ஓய்ந்திருக்கவில்லை. பொல்லாக் துணியைத் தரையில் விரித்து, சாயத்தை அதன் மேல் சொட்டவிட்டுச் சுழற்றி எழுதியவர். அத்தகைய ஊரில் கோ பெங் குவான் கையில் எடுத்தது என்ன? சீனர் கடைகளில் தேயிலைப் பொட்டலம் கட்டும் காகிதம்! அதையும் அதுபோன்ற தாள்களையும் கிழித்து ஒட்டி, மேலே சாயம் கொடுத்து அரூபப் படங்கள் செய்தார். ஒட்டுப்படம் என்னும் முறை பிக்காசோ காலத்தது. பரந்த நிறப்பரப்பு அமெரிக்கர்களுடையது. தாள் மட்டும் தம் ஊர்க் கடையுடையது. 1982இல் ஒரு வங்கி முதன்முறையாக நடத்திய ஆண்டு ஓவியப் போட்டியில், மணல்மேடு என்று பொருள்படும் பெயருடைய இவரது படம் முதற்பரிசு பெற்றது. தேயிலை கிள்ளும் குடும்பத்தினர் இவர் படங்களின் முன் நின்று, நாம் கிள்ளிய இலை போன வழியில் இந்தத் தாளும் வந்ததோ என்று நினைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

ஜாஃபார் லத்தீஃப் 1937 முதல் 2007 வரை வாழ்ந்த மலாய் ஓவியர். அவருடைய கருவி பாத்தேக். நம் வீட்டுப் பெண்கள் கட்டும் பாத்தேக் கைலியை நினைத்துக்கொள்ளுங்கள். துணியில் மெழுகிட்ட இடத்தில் சாயம் ஏறாது. இடாத இடத்தில் ஏறும். மெழுகைக் கரைத்து எடுத்துவிட்டு மீண்டும் மெழுகிட்டு வேறு சாயத்தில் தோய்ப்பார்கள். அவருக்கு முந்திய பாத்தேக் ஓவியர்கள் பலர் அதில் கிராமத்துக் காட்சிகளையும் பெண்களையும் எழுதினார்கள். இவர் அந்த உருவங்களை விட்டுவிட்டு, சாயமும் மெழுகும் சேர்ந்து ஓடும் ஓட்டத்தையே படமாக்கினார். மெழுகு வெடித்த கீறல்களில் சாயம் புகுந்து வரும் மெல்லிய நரம்புகளைத் தூரிகையால் ஒருநாளும் போட முடியாது.

அந்தோணி பூன் 1945இல் பிறந்து 2006இல் மறைந்தவர். நன்யாங் கழகத்திலும் பிறகு லண்டனிலும் பயின்றார். இவர் படங்களில் கையின் தடமே தெரியாது. இயந்திரம் செய்தது போல விளிம்புகள் கத்தியாய் இருக்கும். அலை வரிசை என்று பெயர் பெற்றவை அவை. உலோகச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, துணியே மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும்படி செய்தார். இழுத்த துணியின் நிழலும் படத்தின் ஒரு நிறமாகிவிடுகிறது. எங்களுக்கு இவர் படங்கள் சற்றுக் குளிர்ச்சியானவையாகத் தோன்றுகின்றன. கோ பெங் குவானின் கிழிந்த தாளே எங்கள் மனத்துக்கு நெருக்கம். இது ரசனையைப் பொறுத்தது. பார்த்துவிட்டு நீங்கள் மாற்றிச் சொல்லலாம்.

தமிழர்கள் இதில் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் சென்னை. கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். மேல்நாட்டு அரூபத்தைப் பார்த்தார், மதித்தார். ஆனால் அதைப் படியெடுப்பதில் அவருக்கு நிறைவு இல்லை. 1963ஆம் ஆண்டு முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை எழுதலானார். ஜாதகக் கட்டம், எண்கள், படிக்க முடியாத எழுத்துகள், சிறுசிறு குறிகள் இவைதாம் அந்தப் படங்கள். சோதிடர் வீட்டு ஓலை ஒன்றை யாரோ பெரிதாக்கிச் சுவரில் தீட்டியது போல இருக்கும். 1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடலோரம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் வாழ்ந்துகொண்டு ஓவியம் எழுதினார்கள். அதே கல்லூரியில் பயின்ற ஆதிமூலம், காந்தியடிகளைக் கோடுகளால் வரைந்து பெயர் பெற்று, பின்னாளில் நிலக்காட்சி முழுதும் நிறமாகக் கரைந்துவிடும் பெரிய படங்களுக்குப் போனார்.

இனி நம் வீட்டுப் பெண் ஒருவர். குமாரி நாகப்பன் 1953இல் கிள்ளானில் பிறந்தவர். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களை நாம் அறியாதவர்களா? அவர் கட்டட உள்ளலங்காரம் பயின்று, பிறகு ஓவியத்துக்கு வந்து, சிங்கப்பூரில் குடியேறித் தொழில் செய்கிறார். அவருடைய படங்களில் உருவம் கிடையாது. சிவப்பின் மேல் சிவப்பு, அதனுள் மஞ்சள். குங்குமமும் மஞ்சள்பொடியும் நினைவுக்கு வரும். சாகா மரத்து விதைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தும் படைப்புகள் செய்திருக்கிறார். பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அந்தச் செக்கச்சிவந்த விதைக்குத் தமிழில் மஞ்சாடி என்று பெயர். அக்காலத்தில் தட்டார் பொன் நிறுக்க அதைத் தராசில் இட்டார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. ஒரு விதையை மட்டும் வெண்கலத்தில் பெருக்கி, சிவப்புத் தீட்டி அவர் செய்த சிற்பம் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இருக்கிறது. 2006இல் அவர் செய்த மாபெரும் மிளகாய் ஒன்று தேசிய அரும்பொருளகத்தின் புல்வெளியில் பலர் படம் பிடித்துக்கொள்ளும் பொருளாயிற்று. மிளகாய் உருவமுள்ளதுதானே என்பீர்கள். ஆம், சியோங் சூ பியெங்கைப் போலவே இவரும் அரூபத்துக்கும் உருவத்துக்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கிறார்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் அங்குள்ள கலைப்படைப்பைப் பார்க்காமல் ஓடிவிடுகிறார்கள். அது எஸ். சந்திரசேகரன் செய்தது. 1988இல் வேறு இருவருடன் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்னும் கண்காட்சியை நடத்தியவர் அவர். இந்து, சீன, மலாய் மரபுகளிலிருந்தே இக்காலக் கலைக்கு வழி காணலாம் என்று அம்மூவரும் முயன்றார்கள். அடுத்த முறை தேக்காவில் சாமான் வாங்கப் போகும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

நாம் பேசிய சிங்கப்பூர் ஓவியர்களின் படங்களைக் காணச் சரியான இடம் தேசியக் கலைக்கூடம். முன்பு நகர மண்டபமாகவும் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இரண்டு பழைய கட்டடங்களை இணைத்து 2015இல் திறந்தார்கள். பூன் லேயில் ரயில் ஏறினால் வண்டி மாறவே வேண்டாம். 14ஆவது நிறுத்தமான சிட்டி ஹாலில் இறங்கி நடந்துவிடலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. போகுமுன் பிள்ளையை விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாப் படங்களும் எல்லா நாளும் சுவரில் இருப்பதில்லை, அவ்வப்போது மாற்றுவார்கள்.

உள்ளே போனதும் முதலில் யதார்த்தக்காரர்களின் படங்களைப் பாருங்கள். பிறகு பாலிக்குப் போன நால்வர். அதன் பிறகே அரூபம். அந்த வரிசையில் பார்த்தால் எது எங்கே கழன்றது என்பது தெரியும். அரூபப் படத்தின் முன் நின்றதும் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டாம். பத்தடி தள்ளி நில்லுங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். பிறகு கிட்டப் போய், சாயம் தடித்திருக்கிறதா, ஊறியிருக்கிறதா, தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையை மட்டும் வைத்துவிடாதீர்கள், காவலர் வந்துவிடுவார். கூட வந்த பிள்ளை இது என்னைப் போல இருக்கிறது, அதைப் போல இருக்கிறது என்று ஏதாவது சொன்னால் சொல்ல விடுங்கள். பலகையைக் கடைசியில் படிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்; அடுத்த அறையில் சுவா மியா தீயின் தொழிலாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இருப்பார்கள்.